ஒரே வெள்ளி, இரண்டு கரை: சிங்கப்பூரும் மலேசியாவும்

கேள்வி கேட்ட தம்பி தமிழ்நாட்டில் பொறியியல் முடித்து, மின்னணுத் துறையில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். கல்யாணமாகி மூன்று வயதில் ஒரு குழந்தை. மலேசியாவின் பினாங்கில் மாதம் 7,000 ரிங்கிட்டுக்கு ஒரு வேலை, சிங்கப்பூரில் 4,500 டாலருக்கு ஒரு வேலை, இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. "ஒரு காலத்தில் ஒரே நாடு. இங்கேயும் அங்கேயும் அதே மலாய்க்காரர், சீனர், தமிழர். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வாழ்வதற்கு எது நல்லது?" என்று கேட்கிறார்.

எனக்கு இதில் பதில் சொல்ல ஒரே ஒரு தகுதி உண்டு. நான் சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய நகரமான ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு 21 வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் ஒரு நாட்டில் எழுந்து, இன்னொரு நாட்டில் சம்பாதித்து, இரவு திரும்பி வந்து படுக்கிறேன். இப்படி வாழ்கிற ஆட்கள் நிறைய. இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடப்பவர்கள் ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல்.

முதலில் பணத்தைப் பற்றி. எங்கள் பக்கத்துத் தமிழில் காசுக்கு 'வெள்ளி' என்போம். மலேசியாவில் ரிங்கிட்டுக்கும் வெள்ளிதான், சிங்கப்பூரில் டாலருக்கும் வெள்ளிதான். ஒரே சொல் இரண்டுக்கும் வந்ததற்குக் காரணம், 1967 வரை இரண்டும் ஒரே நாணயம். சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகும் இரண்டு வருடம் அதே நோட்டுதான் ஓடியது. 1967-இல் தனித்தனியாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அப்போதும் ஒன்றுக்கு ஒன்று. மலேசிய வெள்ளியைக் கொண்டுபோய்ச் சிங்கப்பூர்க் கடையில் அப்படியே கொடுக்கலாம். 1973-இல் மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொண்டது. குலாய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பா, "அன்றைக்குச் சிங்கப்பூர் நோட்டாக மாற்றித் தகரப் பெட்டியில் போட்டிருந்தால் போதும்" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல்.

இது தற்செயலாக நடந்ததில்லை. சிங்கப்பூரில் அரிசி, முட்டை, கீரை எல்லாமே பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. நாணயம் வலுவாக இருந்தால்தான் இறக்குமதிச் சாமான் விலை ஏறாது. அதனால் அவர்களுடைய நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை வைத்து விளையாடாமல், நாணய மாற்று விகிதத்தையே கையில் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்றி வந்திருக்கிறது. மலேசியா வேறு வழியில் போனது. 1997-98 நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தபோது அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப் போட்டு, 2005 வரை அப்படியே வைத்திருந்தது. பாமாயில், பெட்ரோலியம், மின்னணுச் சாமான் ஏற்றுமதி செய்கிற நாட்டுக்கு நாணயம் கொஞ்சம் மலிவாக இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. கெடுவது சாதாரண ஆளின் சம்பளம்.

ஆள் ஒன்றுக்கான உற்பத்தியைப் பார்த்தால் சிங்கப்பூர் 85 முதல் 90 ஆயிரம் அமெரிக்க டாலர், மலேசியா 12 ஆயிரம் சுமார். ஏழு மடங்கு. மூன்று கோடியே 40 லட்சம் பேர் இருக்கிற மலேசியாவின் மொத்தப் பொருளாதாரத்தை, 60 லட்சம் பேர் இருக்கிற ஒரு தீவு தாண்டிவிட்டது. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்த ஏழு மடங்கை நான் முழுசாக நம்புவதில்லை. இது ஒரு நகரத்தையும் ஒரு நாட்டையும் தராசில் வைப்பது. சிங்கப்பூருக்குக் கிளந்தான் மாதிரி ஏழை மாநிலம் கிடையாது, சபா உட்பகுதி கிடையாது, வெள்ளம் வந்தால் ஒதுங்கப் பள்ளிக்கூடம் தேடும் கம்பம், அதாவது மலாய்க் கிராமம், கிடையாது. கோலாலம்பூரை மட்டும் எடுத்தால் ஆள் ஒன்றுக்கு ஒரு லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். கிளந்தானில் அதில் ஏழில் ஒரு பங்கு. அதாவது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இருக்கிற அதே இடைவெளி மலேசியாவுக்குள்ளேயே இருக்கிறது. விலைவாசி வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஏழு மடங்கு நான்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இன்னொன்று, சிங்கப்பூர் உற்பத்தியில் பெரிய பங்கு அங்கே கடை விரித்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் லாபம். குடும்பங்கள் செலவழிக்கிற பணம் அந்த நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். உங்களுக்கு வேண்டியது நாட்டுக் கணக்கு இல்லை, வீட்டுக் கணக்கு. நடுமட்டச் சம்பளத்தைப் பாருங்கள்: 2024-இல் சிங்கப்பூரில் முதலாளி கட்டும் சேமநிதியையும் சேர்த்து மாதம் 5,500 வெள்ளி. மலேசியாவில் 2023 கணக்குப்படி 2,600 ரிங்கிட்.

சரி, ஏன் இப்படிப் பிரிந்தது?

பிரிந்த அன்றைக்கே சிங்கப்பூர் ஒன்றும் ஓட்டாண்டி இல்லை. 'மீன்பிடிக் கிராமம் மாநகரம் ஆனது' என்று பேச்சாளர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். 1965-லேயே அது பெரிய துறைமுகம், மலாயாவின் ரப்பரும் ஈயமும் அங்கிருந்துதான் கப்பல் ஏறின. ஆள் வருமானமும் மலேசியாவைவிடக் கூடத்தான். அவர்களிடம் இல்லாதது முதுகுக்குப் பின்னால் ஒரு நாடு. குடிக்கிற தண்ணீர்கூட ஜொகூரிலிருந்து. 1968-இல் பிரிட்டன் தன் படைத்தளங்களைக் காலி செய்யப்போவதாக அறிவித்தபோது, அந்தத் தளங்களை நம்பியிருந்த பொருளாதாரம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்தப் பயம்தான் அவர்களை ஓட வைத்தது. கோ கெங் சுவீ என்கிற நிதியமைச்சரும், ஆல்பர்ட் வின்செமியஸ் என்கிற டச்சு ஆலோசகரும் ஜூரோங் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டை ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பன்னாட்டு நிறுவனங்களைப் பேயைப்போல் பார்த்தன. இவர்கள் வாசலில் கோலம் போட்டுக் கூப்பிட்டார்கள். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு அடித்தளம் போட்ட ராஃபிள்ஸின் சிலையை அகற்றாதீர்கள் என்பதுகூட வின்செமியஸ் சொன்ன யோசனைதான்: சிலை நிற்கும்வரை வெள்ளைக்கார முதலாளிக்கு நம்பிக்கை இருக்கும் என்பது அவர் கணக்கு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது நாங்கள் வீவக என்று சுருக்கிச் சொல்வது, 1960-இல் தொடங்கியது. அடுத்த வருடமே புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து 16 ஆயிரம் பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகு அடுக்குமாடிகள் எழும்பிய வேகம் வேறு. 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. இன்று தீவின் நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. அங்கு வாழ்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக வீட்டில் இருக்கிறார்கள். இதை 'சுதந்திரச் சந்தை' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மலேசியாவுக்கு அந்தப் பயம் வேண்டியிருக்கவில்லை. மண் இருந்தது, மழை இருந்தது, ரப்பர், ஈயம், அப்புறம் பாமாயில், அப்புறம் கடலுக்கடியில் எண்ணெய். 1974-இல் பெட்ரோனாஸ் வந்தது. அவர்களுடைய கவலை வேறு: இருப்பதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. பூமிபுத்திராக்களுக்கு, அதாவது மலாய்க்காரருக்கும் மற்ற பூர்வகுடிகளுக்கும், கம்பெனிப் பங்குகளில் 30 சதவீதம் இலக்கு, பல்கலைக்கழக இடங்கள், அரசாங்க ஒப்பந்தங்கள், புது வீடு வாங்கும்போது தள்ளுபடி. இதைத் திட்டுவது எங்களுக்கு எளிது, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1970-இல் தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. முப்பது, நாற்பது வருடத்தில் அது அடியோடு குறைந்தது. கம்பத்துப் பிள்ளைகள் டாக்டர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆனார்கள். அந்த அளவுக்குக் கலவரம் திரும்ப வரவில்லை. கெட்டது என்னவென்றால், 20 வருடத்துக்கு என்று வந்த ஏற்பாடு பெயர் மாறி மாறி இன்னும் நிற்கிறது. உதவி, ஏழையைப் பார்த்துப் போகாமல் இனத்தைப் பார்த்துப் போனதால், தோட்டத்து லயத்தில் இருந்த தமிழன் கணக்கிலேயே வரவில்லை. தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புத் திட்டமாகவும் கோல்ஃப் மைதானமாகவும் ஆனபோது எங்கள் குடும்பத்தைப்போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு நகர ஓரங்களுக்கு வந்தன. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர்த் தெருக்களில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் கூட்டம் திரண்டது அந்தப் புகைச்சலில்தான்.

அதோடு, படித்தவர்கள் கிளம்பிப் போனார்கள். எங்கே போனார்கள்? பெரும்பாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடம், கல்லூரி என்று மலேசியா செலவு செய்து வளர்த்த நர்ஸ், கணக்காளர், பொறியாளரை சிங்கப்பூர் செலவே இல்லாமல் எடுத்துக்கொண்டது. நானும் அப்படிப் போனவன்தான், டிப்ளோமா அளவில்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். இரண்டையும் இரண்டு தனிப் பொருளாதாரமாக ஒப்பிடுவதே பாதி தப்பு. நான் வேலை செய்யும் இடத்தில் சிலிக்கான் வில்லைகள் தயாராகின்றன. சிங்கப்பூர் என்றால் வங்கியும் துறைமுகமும் என்று நினைப்பார்கள், ஆனால் அதன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. உலகத்தின் மின்னணுச் சில்லுகளில் (சிப்) பத்தில் ஒன்று அங்கே செய்யப்படுகிறது. அதே சில்லுகளை வெட்டி, சோதித்து, உறையிட்டு மூடும் வேலையில் உலகத்தில் 13 சதவீதம் மலேசியாவில், அதிலும் பினாங்கில். 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் போட்ட இடம் பினாங்கின் பாயான் லெப்பாஸ். தம்பி, உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு வேலையும் அநேகமாக ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

மனிதர்கள் விஷயமும் அப்படித்தான். காலை நாலேகாலுக்கு எழுகிறேன். ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிள் பாலத்தில் ஏறிவிட வேண்டும், பத்து நிமிடம் பிந்தினால் ஒரு மணி நேரம் போய்விடும். முன்னால் ஆயிரக்கணக்கான சிவப்பு விளக்குகள், புகை, மழைக்கோட்டில் சொட்டும் தண்ணீர், பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கும் யாரோ ஒருவரின் மனைவி. பாலத்தின் ஓரமாகத் தடித்த தண்ணீர்க் குழாய்கள் எங்களோடு கூடவே போகும். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் ஆயிரம் காலனுக்கு 3 சென் என்று அந்தப் பக்கம் போகிறது. சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பகுதியை ஆயிரம் காலனுக்கு 50 சென் கொடுத்து ஜொகூரே திரும்ப வாங்குகிறது. ஒப்பந்தம் 2061 வரை. இந்த விலையை வைத்து இரண்டு அரசாங்கங்களும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்தக் குழாயைப் பார்த்து, "அண்ணே, அதுவும் நம்மளை மாதிரி வேலைக்குத்தான் போகுது" என்று கேலி பேசுவோம்.

சிங்கப்பூர்ச் சம்பளத்தை ஜொகூர் விலைவாசியில் செலவழிக்கிறோம், அதுதான் எங்கள் வித்தை. சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் ஒரு வெற்றுப் புரோட்டா, அங்கே 'பிராத்தா' என்பார்கள், ஒன்றரை வெள்ளி. எங்கள் வீட்டுப் பக்கத்து மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் ஒன்றரை, இரண்டு ரிங்கிட். மாவு ஒன்று, கை ஒன்று, பில்லில் எழுதும் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. நாணயம்தான் வேறு. இந்த 'எண் ஒன்று, நாணயம் வேறு' விளையாட்டு பல இடத்தில் ஓடும்.

கார் விஷயத்தில் மட்டும் ஓடாது. சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன்னால் வாகன உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இல் வந்த ஏற்பாடு. சிறிய காருக்கே அந்தச் சான்றிதழ் மட்டும் ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டுப் பார்த்திருக்கிறது, அதுவும் பத்து வருடத்துக்குத்தான். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் ஐந்தாறு பெரோடுவா மைவி வாங்கித் தெருவில் வரிசையாக நிறுத்தலாம். ஆனால் அவர்களுக்குக் கார் தேவையே இல்லை: ரயிலும் பேருந்தும் கடிகாரம் மாதிரி வரும். எங்களுக்குக் கார் இல்லாவிட்டால் முடி வெட்டிக்கொள்ளக்கூடப் போக முடியாது. சம்பளம் வாங்கியதும் கார் தவணை கட்டுவதே மலேசிய இளைஞனின் முதல் கடமை. நல்ல பேருந்து விடாமல் நாட்டுக் கார் விற்ற அரசியலுக்கு நாங்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

வீடு. சிங்கப்பூரில் தொண்ணூறு சதவீதக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு. ஆனால் வீவக வீடு 99 வருடக் குத்தகை. மூன்று படுக்கையறை உள்ள பழைய வீடு ஐந்து, ஆறு லட்சம் வெள்ளி சர்வசாதாரணம். ஜொகூரில் அதே எண்ணில், ரிங்கிட்டில், மாடியோடு வரிசை வீடு, முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் கருவேப்பிலை மரம். வீவக கட்டடங்களில் 1989 முதல் இன ஒதுக்கீடு உண்டு. ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனம் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதனால் சீனர், மலாய்க்காரர், தமிழர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். கீழ்த்தளத்தில் இன்று மலாய்க் கல்யாணம், நாளை சீனர் இழவு. நல்லதுதான். ஆனால் சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்கப்போனால், சீனரிடம் விற்க முடியாது. வாங்கும் கூட்டம் சின்னதாகிவிடும், விலை இறங்கும். என்னோடு வேலை செய்யும் ஒருவர் எட்டு மாதம் ஆள் தேடினார். சிங்கப்பூர் நல்லிணக்கத்துக்கு விலை உண்டு, சில நேரம் அதைச் சிறுபான்மைக்காரரே கொடுக்கிறார். மலேசியாவில் நல்லிணக்கத்தை யாரும் திட்டமிடவில்லை. திறந்த இல்ல உபசரிப்பு என்று தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தெருவே வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆனால் பள்ளிக்கூடம் தனி, கட்சி தனி, ஒதுக்கீடு தனி.

மருத்துவம், படிப்பு இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர்க்காரர் சராசரி ஆயுள் 83, மலேசியர் 75. ஆனால் மலேசியக் குடிமகன் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம், பாதி நாள் காத்திருந்தால். பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் 2022 பீசா தேர்வில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கணக்கில் 575 புள்ளி எடுத்து உலகத்தில் முதலாவது. எங்கள் பிள்ளைகள் 409. அந்த 575-க்குப் பின்னால் டியூஷன் இருக்கிறது: சிங்கப்பூர்க் குடும்பங்கள் வருடத்துக்கு நூறு கோடி வெள்ளிக்கு மேல் அதற்குக் கொட்டுகின்றன. அவர்கள் தங்களைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் சொல் 'கியாசு', தோற்றுவிடுவோமோ என்கிற பதைப்பு. எங்கள் சொல் 'திடாக் அப்பா', பரவாயில்லை விடு. ஒரே மேசையில் இரண்டு சொல்லும் உட்கார்ந்தால் வேடிக்கையாக இருக்கும். முதல் சொல்லுக்கு இன்னொரு விலையும் உண்டு: அங்கே ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை என்கிற அளவுக்குப் பிறப்பு விகிதம் 2023-இல் 0.97-க்கு இறங்கிவிட்டது.

தமிழ் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குழந்தைக்கு மூன்று வயது. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. சில்லறைக் காசில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். 2023-இல் தர்மன் சண்முகரத்னம் 70 சதவீத ஓட்டு வாங்கி அதிபரானார். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இன்னும் வருகிறது. இத்தனை மரியாதை இருந்தும் வீட்டுக்குள் தமிழ் மெலிகிறது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் முதன்மையாகத் தமிழ் பேசுவோர் 2.5 சதவீதம், பத்து வருடத்துக்கு முன்பு 3 சதவீதத்துக்கு மேல். கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழ் இப்போது ஒரு பாடம்.

மலேசியாவில் தமிழுக்கு நோட்டிலும் இடமில்லை, நாடாளுமன்றத்திலும் இடமில்லை. ஆனால் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அரசாங்கமே நடத்துவதும் உதவி பெறுவதுமாக. கணக்கும் அறிவியலும் தமிழில் படித்த பிள்ளைகள் சண்டையும் தமிழிலேயே போடுகிறார்கள். தைப்பூசத்துக்கு பினாங்கு, சிலாங்கூர், பேராக், ஜொகூர் எல்லாம் பொது விடுமுறை. பத்துமலையில் கூட்டம் கடலாக நிற்கும். சிங்கப்பூரில் தைப்பூச விடுமுறையை 1968-இல் எடுத்துவிட்டார்கள். காவடி ஊர்வலத்தில் மேளதாளத்துக்குப் பல பத்தாண்டுகள் தடை, 2016-இல்தான் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி ஒழுங்காக வரிசையில் போகும், கொடுத்த நேரத்துக்குள் முடியும். அங்கே மரியாதை இருக்கிறது, இங்கே சத்தம் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் சத்தத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் படித்தது தமிழ்ப்பள்ளியில்.

நிர்வாகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிங்கப்பூரில் 1959 முதல் ஒரே கட்சி ஆட்சி, இதுவரை நான்கே பிரதமர்கள். லஞ்சம் அபூர்வம்: 2024 ஊழல் குறியீட்டில் உலகத்தில் மூன்றாவது சுத்தமான நாடு, மலேசியா 57-ஆவது. மலேசியாவில் 2018-க்குப் பிறகு மட்டும் நான்கு பிரதமர்கள் மாறினார்கள். ஆனால் ஆட்சியில் இருந்தவர்களை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பி, ஒரு முன்னாள் பிரதமரைச் சிறைக்கும் அனுப்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. காபிக்கடையில் அரசாங்கத்தைச் சத்தமாகத் திட்டும் சுகமும் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

எங்களைப்போல இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்பவர்களின் கதையையும் கேளுங்கள். எனக்கு வேலை அனுமதிச் சீட்டு. சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் முதலாளி சம்பளத்தோடு 17 சதவீதம் வரை சேமநிதி கட்டுகிறார், எனக்குக் கிடையாது. மலேசியாவில் வேலை பார்க்காததால் இங்கத்து ஊழியர் சேமநிதியும் தானாக ஏறாது. நாணய மாற்றில் வரும் லாபத்தைப் பார்த்து 'மூன்று மடங்கு' என்று பூரித்துப்போகிறவர்களில் பலருக்கு ஐம்பத்தைந்து வயதில் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரில் சனி, ஞாயிறு. எனக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். பதினோரு வருடம். என் மூத்த மகள் ஆரம்பப்பள்ளி முழுவதையும் அந்தச் சனிக்கிழமைகளில்தான் எனக்குச் சொல்லி முடித்தாள்.

இப்போது உங்கள் கணக்கு. சிங்கப்பூரில் 4,500 வெள்ளி. தனியாகப் போனால் வீவக வீட்டில் ஓர் அறை 900, 1,000. சாப்பாடு 600, போக்குவரத்தும் போனும் 150, வருமான வரி மாதக் கணக்கில் நூற்றுச் சொச்சம். சிக்கனமாக இருந்தால் 2,500 வெள்ளி மிஞ்சும். அது ரிங்கிட்டில் பினாங்குச் சம்பளம் முழுவதையும்விடக் கூடுதல். ஊரில் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது, நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வருகிறேன் என்றால் யோசிக்கவே வேண்டாம், சிங்கப்பூர்.

ஆனால் நீங்கள் மனைவியும் குழந்தையும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே குடும்பத்தை அழைத்துவர, மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். 4,500 என்றால் உங்களுக்குக் கிடைப்பது எஸ் பாஸ் என்கிற நடுமட்ட வேலை அனுமதிதான், குடும்பம் ஊரிலேயே. பலர் விமானம் ஏறிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பினாங்கில் 7,000 ரிங்கிட்டுக்கு 1,300, 1,500 வாடகையில் குடும்பத்தோடு இருக்க அடுக்குமாடி வீடு கிடைக்கும், பழைய கார் ஒன்று வாங்கலாம், மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகலாம். பெரிய சேமிப்பு வராது. ஆனால் குழந்தை உங்களைப் பார்த்து வளரும்.

நான் என்றால் சிங்கப்பூர் முதலாளியிடம் முதலில் பேரம் பேசுவேன். ஐந்து வருட அனுபவத்துக்கு 6,000 கேட்பது பேராசை இல்லை. கிடைத்தால் குடும்பத்தோடு போங்கள், கையில் மிஞ்சுவது குறையும், பரவாயில்லை. கிடைக்காவிட்டால் பினாங்கு. அங்கேயும் கையெழுத்துப் போடுவதற்கு முன், வேலை அனுமதியை எந்தப் பிரிவில் எடுக்கிறார்கள், எத்தனை வருடத்துக்கு, மனைவி குழந்தைக்கும் சேர்த்து விசா போடுகிறார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். இரண்டு நாட்டிலும் அந்த ஜாதி ஒன்றுதான்.